ஜவ்வாது மலைத் தண்ணீர்... மீன் ஏறிவர வழி இருக்கிறதா?

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்குப் போகும் பேருந்து, அடிவாரத்தைத் தாண்டியதும் வளைந்து வளைந்து ஏறத் தொடங்கும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். கோடையில் போனால் பள்ளத்தில் வெறும் உருண்டைக் கற்கள்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் போனால் அதே கற்களுக்கு நடுவே தண்ணீர் சலசலத்து ஓடும். மேலே போகப் போகக் காற்று குளிரும். சாமைக் கொல்லைகளும் பலா மரங்களும் புளிய மரங்களும் கண்ணில் படும்.

திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலை ஒன்றியத்தின் தலைமையிடம் ஜமுனாமரத்தூர். மலையாளி பழங்குடி மக்கள் வாழும் ஊர்கள் சுற்றிலும் சிதறிக் கிடக்கின்றன. மானாவாரியாகச் சாமையும் கேழ்வரகும் விதைக்கிறார்கள். தேன், புளி, கடுக்காய் என்று காடும் கைகொடுக்கிறது. வெளியூர்க்காரர்கள் கோலப்பன் ஏரியில் படகு விடவும், பீமன் அருவியில் குளிக்கவும் வருகிறார்கள். கொஞ்சம் தள்ளி, காவலூரில், 1986-ம் ஆண்டு முதல் இயங்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. அங்கே போகிறவர்கள் வானத்தைப் பார்க்கிறார்கள். விவசாயி பார்க்க வேண்டியது காலடியில் ஓடும் தண்ணீரை.

மலையின் கிழக்குச் சரிவில் பெய்யும் மழைதான் செய்யாறு, மிருகண்டா நதி, கமண்டல நாகநதி என்று பல பெயர்களில் சமவெளிக்கு இறங்குகிறது. இவை எல்லாம் செய்யாற்றில் சேர்ந்து, காஞ்சிபுரம் மாவட்டம் திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கின்றன. வேகவதியும் அங்கே வந்து சேர்வதால்தான் ‘முக்கூடல்’ என்று பெயர். வடக்குச் சரிவின் ஓடைகள் நேராகவே பாலாற்றில் விழுகின்றன. பாலாறு கல்பாக்கத்துக்குத் தெற்கே, வயலூர் பக்கம் வங்காள விரிகுடாவில் கலக்கிறது. ஆக, ஜமுனாமரத்தூர் காட்டில் விழும் ஒரு மழைத்துளிக்குக் கடல் வரை வழி உண்டு. தண்ணீர் இறங்க வழி இருந்தால், மீன் ஏறவும் அதே வழி இருக்க வேண்டும். அந்த வழி இன்று எப்படி இருக்கிறது?

அடிவாரத்தில் 3 சுவர்கள்

மலையை விட்டு இறங்கியதுமே தண்ணீரைத் தடுத்து நிறுத்துகின்றன மூன்று அணைகள். செங்கம் அருகே செய்யாற்றின் குறுக்கே குப்பநத்தம் அணை. இதன் நீர்மட்டம் சுமார் 59 அடி. கலசபாக்கம் பக்கம் மிருகண்டா நதி அணை, சுமார் 23 அடி. படவேடு அருகே கமண்டல நதியில் செண்பகத்தோப்பு அணை, சுமார் 62 அடி. இவற்றுக்குக் கீழேயும் ஏரிகளுக்குத் தண்ணீர் திருப்பும் அணைக்கட்டுகளும், நிலத்தடி நீரை ஏற்றுவதற்கான தடுப்பணைகளும் வழிநெடுக இருக்கின்றன. பாலாற்றில் வாலாஜா அருகே ஆங்கிலேயர் காலத்து அணைக்கட்டு 1858-ம் ஆண்டிலிருந்து நிற்கிறது. கடைசியாக, கடலுக்குப் பக்கத்தில், வயலூரில் ஒரு தடுப்பணை. உப்புநீர் ஆற்றுக்குள் ஏறாமல் இருக்கவும், நல்ல தண்ணீர் வீணாகக் கடலில் சேராமல் இருக்கவும் அதைக் கட்டினார்கள்.

இவை ஒவ்வொன்றும் யாரோ ஒரு விவசாயிக்குப் பயன் தருகின்றன. குப்பநத்தம் திறந்தால்தான் கீழே பல ஏரிகள் நிரம்பும். தடுப்பணையில் 2 மாதம் தண்ணீர் நின்றால், சுற்று வட்டாரக் கிணறுகளில் ஊற்று கூடும். இந்தப் பயனை யாரும் மறுக்க முடியாது. ஆனால், ஒரு சுவர் கட்டும்போது கணக்கில் எழுதப்படாத ஒரு செலவும் இருக்கிறது. அதுதான் மீனின் வழி.

புதுவெள்ளத்தில் எதிரேறும் மீன்

ஏரிப் பாசனம் பார்த்த எவருக்கும் இது புதிதல்ல. முதல் பெருமழை பெய்து, ஏரி நிரம்பி, கலங்கல் வழியாகத் தண்ணீர் வழியத் தொடங்கும். அந்த இரவே கெண்டையும் கெளுத்தியும் ஓட்டத்துக்கு எதிராகத் துள்ளி ஏறும். விரால் வயலுக்குள் வந்து நிற்கும். ஊர்ச் சிறுவர்கள் அரிக்கேன் விளக்கோடும் டார்ச் லைட்டோடும் கலங்கல் பக்கம் ஓடிய காலம் பலருக்கு நினைவிருக்கும்.

மீன் ஏன் ஏறுகிறது? முட்டையிடத்தான். புதுவெள்ளம் பரவிய ஆழமில்லாத இடத்தில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். புல்லும் பூச்சியும் நிறைந்திருக்கும். பெரிய மீன்கள் அங்கே அதிகம் வராது. குஞ்சு பிழைக்க ஏற்ற இடம் அதுதான். வெள்ளம் வடியும்போது வளர்ந்த குஞ்சுகள் ஏரிக்கும் ஆற்றுக்கும் திரும்பிவிடும்.

பயணம் போகும் மீன்களில் மூன்று வகை உண்டு. முதல் வகை, ஆற்றுக்குள்ளேயே மேலும் கீழும் போய்வரும் கெண்டை, கெளுத்தி போன்றவை. இரண்டாவது, கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கு ஏறிவரும் மீன். நம் ‘உல்லம்’ இந்த வகைதான். வங்காளிகள் இதை ‘இலிஷ்’ என்றும், கோதாவரிக் கரையில் ‘புலச’ என்றும் சொல்கிறார்கள். மூன்றாவது வகை நேர் எதிர். ஆற்றிலும் குளத்திலும் பல ஆண்டுகள் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குப் போகும். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவதாகப் பழமொழி சொல்லும் விலாங்கு அப்படிப்பட்டது. அதன் குஞ்சுகள் கண்ணாடிபோல் உடம்போடு கடலிலிருந்து முகத்துவாரத்துக்கு வந்து, பிறகு ஆற்றில் மேலேறும். ஈரமான சொரசொரப்புப் பாறையில் சின்ன விலாங்கு ஊர்ந்துகூட ஏறிவிடும். வழவழப்பான, காய்ந்த கான்கிரீட் சுவரில் அதாலும் முடியாது.

இந்த மூன்று வகைக்கும் பொதுவான ஒன்று உண்டு. வழி அடைபட்டால், பெரிய மீன் உடனே செத்துவிடாது. அடுத்த தலைமுறைதான் குறையும். அதனால்தான் சுவர் கட்டிய முதல் ஆண்டில் யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. சுவருக்குக் கீழே திரண்டு நிற்கும் மீனைப் பார்த்து, ‘இந்த ஆண்டு மீன் அதிகம்’ என்றுகூடத் தோன்றும். குறைவது சில ஆண்டுகள் கழித்துத்தான் கண்ணில் படும்.

கொள்ளிடம் காட்டிய பாடம்

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி எழுந்து 150 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 1830-களில் கொள்ளிடத்தில் மேலணையையும் கீழணையையும் கட்டியவர் ஆர்தர் காட்டன். தஞ்சை டெல்டாவின் பாசனத்தைக் காப்பாற்றிய வேலை அது. பிற்காலத்தில், பாசன அணைக்கட்டுகளால் கடலோர மீன்வளம் பாதிக்கப்படுகிறதா என்று அரசின் கவனத்துக்குக் கொண்டுபோனவரும் அதே காட்டன்தான். மீன்களை ஆராய்ந்த பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் இதை விசாரித்து, 1873-ம் ஆண்டு இந்தியா, பர்மா நன்னீர் மீன்கள் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். அணைக்கட்டுகளில் மீன் ஏற வழி விட வேண்டும் என்பது அவருடைய பரிந்துரைகளில் ஒன்று.

1909-ம் ஆண்டில், மதராஸ் மாகாண மீன்துறையைச் சேர்ந்த வில்சன் என்பவர், கொள்ளிடத்தில் பிடித்த உல்லம் மீனின் முட்டையையும் விந்தையும் கலந்து, செயற்கையாகப் பொரிக்கவைக்க முயன்றார். மேலே ஏற முடியாத மீனுக்குக் கீழேயே குஞ்சு பொரிக்க வழி தேடிய காலம் அது.

1934-ல் மேட்டூர் அணை வந்தது. 93.47 டி.எம்.சி. கொள்ளும் அந்த அணையால் டெல்டா விவசாயம் அடைந்த பலனைச் சொல்லத் தேவையில்லை. ஆனால், ஆடிப் பெருக்கின் புதுவெள்ளம் அணைக்குள் நின்றுவிட்டது. அந்தச் செந்நிற வெள்ளம் கடலில் கலப்பதுதான் உல்லத்துக்கு அழைப்பு. அழைப்பு இல்லாவிட்டால் மீன் கிளம்பாது. அப்போது மதராஸ் மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த சுந்தர ராஜ், 1941-ம் ஆண்டில், மேட்டூர் அணை இந்தியாவுக்குச் சொல்லும் பாடம் என்ன என்று ஆய்வுக் கட்டுரையே எழுதினார். சுவர் மட்டுமல்ல, தண்ணீர் வரும் காலம் மாறுவதும் மீனைத் தடுக்கும் என்பதை மேட்டூர் அனுபவம் காட்டியது.

கோதாவரியிலும் இதே கதைதான். தவளேஸ்வரம் அணைக்கட்டுக்குக் கீழேதான் இன்று புலச மீன் பிடிபடுகிறது. தாலியை விற்றாவது புலச தின்ன வேண்டும் என்று ஆந்திரக் கரையில் சொல்வழக்கே உண்டு. கங்கையில் 1975-ல் ஃபராக்கா தடுப்பணை இயங்கத் தொடங்கிய பிறகு, அலகாபாத் வரை போய்க்கொண்டிருந்த இலிஷ் அங்கே அரிதாகிவிட்டது. இப்போது மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார், தடுப்பணைக்குக் கீழே பிடித்த மீன்களைக் கொண்டுபோய் மேலே விடுகிறார்கள். ஆறு தானாகச் செய்த வேலையை மனிதன் வாளியும் தொட்டியும் வைத்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

அணையை எடுத்த ஊர்கள்

அணையையே எடுத்துவிட்ட நாடுகளும் இருக்கின்றன. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் எல்வா என்ற சிறு ஆறு. 1913-லும் 1927-லும் அதில் இரண்டு அணைகள் கட்டினார்கள். பெரியது 210 அடி உயரம். இரண்டும் மின்சாரத்துக்காகக் கட்டியவை. கடலிலிருந்து ஏறிவரும் சால்மன் மீன் முதல் அணையோடு நின்றது. அந்த மீனை நம்பியிருந்த கிளாலம் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் 2011-ல் தொடங்கி, 2014-க்குள் இரண்டு அணைகளையும் படிப்படியாக அகற்றினார்கள். அணைக்குள் சுமார் 2 கோடி கனமீட்டர் வண்டல் தேங்கியிருந்தது. அது ஒரேயடியாக இறங்கினால் கீழே இருக்கும் ஊரின் குடிநீர் கெட்டுவிடும் என்று, முதலிலேயே தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டி முடித்துவிட்டுத்தான் சுவரில் கை வைத்தார்கள். இறங்கிய மணல் முகத்துவாரத்தில் புதிய கடற்கரையை உருவாக்கியது. சால்மன் மீண்டும் மேலே ஏறியது.

ஜப்பானில் குமாமோட்டோ பகுதியில் ஓடும் குமா ஆற்றில், 1950-களில் மின்சாரத்துக்காகக் கட்டிய அரசே அணையை 2012 முதல் 2018 வரை பகுதி பகுதியாக எடுத்தார்கள். அந்த நாட்டில் எடுக்கப்பட்ட முதல் பெரிய அணை அது.

விவசாயிகள் கூர்ந்து கவனிக்க வேண்டியது கிளாமத் ஆற்றின் கதை. ஆரிகன், கலிபோர்னியா மாநிலங்களில் ஓடும் இந்த ஆற்றில் 4 அணைகளை 2023, 2024-ம் ஆண்டுகளில் அகற்றினார்கள். 2024 அக்டோபரிலேயே, அணை இருந்த இடத்தைத் தாண்டி சால்மன் மேலே போனது. அகற்றப்பட்ட நான்கும் மின்சாரத்துக்கான அணைகள். பாசனத்துக்குத் தண்ணீர் தருபவை அல்ல. அதே ஆற்றின் மேற்பகுதியில் பாசனத்துக்கு உதவும் அணைகள் அப்படியே நிற்கின்றன.

‘எல்லா அணையையும் உடை’ என்று யாரும் கிளம்பவில்லை. எந்தச் சுவர் என்ன தருகிறது, என்ன பறிக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்த்தார்கள். தருவது குறைந்து, பறிப்பது கூடிய சுவர்களை மட்டும் எடுத்தார்கள்.

மறுபடியும் மலையடிவாரம்

அந்தக் கணக்கை ஜவ்வாது மலைக்குப் போட்டுப் பார்த்தால் என்ன வரும்?

குப்பநத்தத்தையோ செண்பகத்தோப்பையோ தொட வேண்டிய தேவை இல்லை. பாலாறே ஆண்டில் பல மாதங்கள் மணலாகக் கிடக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவும் மணல் கொள்ளையும் அந்த ஆற்றைப் படுத்திய பாடு வேறு. 2021 நவம்பரில் பாலாற்றிலும் செய்யாற்றிலும் கரைபுரண்டு வெள்ளம் வந்ததுபோல எல்லா ஆண்டும் வருவதில்லை. இந்த நிலையில், ஓர் அணையை எடுத்துவிட்டால் கடல்மீன் மலைக்கு ஏறிவிடும் என்று சொன்னால் அது வெறும் ஆசை வார்த்தை.

ஆனால், மலையிலும் அடிவாரத்திலும் சின்னச் சின்னத் தடைகள் ஏராளம். ஆற்றுக்குள்ளேயே போய்வரும் கெண்டைக்கும் கெளுத்திக்கும் இவைதான் பெரிய எதிரி. இங்கேதான் ஊரார் கையால் செய்யக்கூடிய வேலை இருக்கிறது. இதைப் பற்றி விவசாயிகளுக்கு இயல்பாக எழும் சில கேள்விகளும் பதில்களும்:

தடுப்பணையை எடுத்தால் கிணறு வற்றிவிடாதா?

தண்ணீர் தேங்கும் தடுப்பணையை எடுத்தால் ஊற்று குறையத்தான் செய்யும். அதை எடுக்கக் கூடாது. ஆனால், விளிம்பு வரை வண்டல் தூர்ந்துபோன தடுப்பணையில் தண்ணீர் நிற்க இடமே இல்லை. அடித்தளம் அரித்து, பக்கவாட்டில் தண்ணீர் பிய்த்துக்கொண்டு போகும் சுவரும் அப்படியே. இவை கிணற்றுக்கும் உதவாமல், மீனையும் தடுத்துக்கொண்டு நிற்பவை. இவற்றைத் தூர்வாரிப் பழையபடி பயனுக்குக் கொண்டுவரலாம். முடியாது என்றால் எடுத்துவிடலாம். இரண்டும் செய்யாமல் விடுவதுதான் நஷ்டம்.

எடுக்கும்போது என்ன கவனம் வேண்டும்?

கோடையில், ஓடை காய்ந்திருக்கும்போது செய்ய வேண்டும். முதலில் வண்டலை அள்ள வேண்டும். அது வயலுக்கு நல்ல உரம். அனுமதி பெற்று எடுத்துக்கொள்ளலாம். பிறகு சுவரின் உயரத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஒரே நாளில் உடைத்தால், அடுத்த மழையில் வண்டல் முழுவதும் கீழே இருப்பவரின் நிலத்தில் போய் விழும். ஓடையும் தடுப்பணையும் பொதுச் சொத்து. நீர்வளத் துறை, ஊராட்சி, மலைப்பகுதியாக இருந்தால் வனத்துறை என்று உரியவர்களின் அனுமதி இல்லாமல் ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது.

பயனுள்ள தடுப்பணையில் மீனுக்கு எப்படி வழி விடுவது?

சுவருக்குக் கீழ்ப்பக்கம் பாறாங்கற்களை அடுக்கிச் சரிவு அமைப்பது எளிய முறை. 1 அடி உயரத்துக்கு 20 அடி நீளமாவது சரிவு இருக்க வேண்டும். 4 அடித் தடுப்பணை என்றால் 80 அடி நீளம். சரிவில் பெரிய கற்களைக் குறுக்குவாட்டில் பதித்தால், அவற்றுக்குப் பின்னால் தண்ணீர் குட்டை குட்டையாக நிற்கும். மீன் ஒரு குட்டையில் இளைப்பாறி அடுத்த குட்டைக்கு ஏறும். சரிவுக்கு நேரே சுவரின் மேல்விளிம்பை ஒரு பகுதியில் மட்டும் சில அங்குலம் தாழ்த்தி வைத்தால், தண்ணீர் குறையும் நாளிலும் அந்த வழியாக ஓட்டம் இருக்கும். வெளிநாட்டுச் சால்மனுக்காக வடிவமைத்த உயரமான படிக்கட்டு முறை நம் ஊருக்குப் பொருந்தாது. சால்மன் எகிறிக் குதிக்கும். உல்லம் அப்படிக் குதிக்காது. நம் சிறு கெண்டைகளுக்கும் அந்த உயரம் அதிகம்.

மலைச்சாலைகளில் என்ன செய்வது?

ஓடையைக் கடக்கும் இடத்தில் சிமென்ட் குழாய் பதித்து மேலே சாலை போடுவார்கள். குழாயின் வாய், ஓடையின் மட்டத்தைவிட ஒன்றிரண்டு அடி உயரத்தில் தொங்கினால், அதுவும் மீனுக்கு அணைதான். புதிதாகச் சாலை போடும்போது, குழாயின் அடிப்பகுதியை ஓடையின் தரை மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே பதிக்கும்படி கேட்டாலே போதும். இதற்குக் கூடுதல் செலவு பெரிதாக இருக்காது.

வழி விட்டால் மட்டும் போதுமா?

போதாது. ஏறிவரும் மீன் சினை மீன். முதல் வெள்ளத்தின் சில நாள்களில் கலங்கலையும் ஓடையையும் குறுக்கே அடைத்துப் பறியும் வலையும் போட்டால், அந்த ஆண்டின் விதையையே அள்ளிவிடுகிறோம் என்று பொருள். விதை நெல்லைக் குத்தித் தின்னும் வேலை அது. முதல் ஒரு வாரம் ஓடையின் பாதியையாவது திறந்து விட ஊர்க்கட்டுப்பாடு வைத்தால், அடுத்த கோடையில் ஏரியில் மீன் பிடிக்கும்போது பலன் தெரியும். மீன்குத்தகை வருமானம் ஊராட்சிக்கும் கூடும்.

கிராம சபையில் ஒரு தீர்மானம்

மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் தண்ணீருக்காகச் சண்டை போட்ட கதைகள் ஏராளம். மீன் விஷயத்தில் சண்டைக்கே இடமில்லை. கீழே வழி அடைத்தால் மேலே மீன் இல்லை. மேலே சினை மீனைப் பிடித்தால் கீழே குஞ்சு இல்லை. ஜமுனாமரத்தூரும் செங்கமும் ஆரணியும் திருமுக்கூடலும் ஒரே ஓட்டத்தின் ஊர்கள்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. கோடை தொடங்கும் நேரம். ஓடைகள் காய்ந்து, சுவர்கள் எல்லாம் வெளியே தெரியும். அதற்கு முன்பே ஊரில் நாலு பேர் ஓடை வழியாக ஒரு நடை நடந்து, எத்தனை தடுப்பணை, எத்தனை குழாய்ப் பாலம், எது தண்ணீர் பிடிக்கிறது, எது தூர்ந்து கிடக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகலாம். தூர்வார வேண்டியது, சரிவு கட்ட வேண்டியது, எடுத்துவிட வேண்டியது என்று மூன்றாகப் பிரித்துத் தீர்மானம் போடலாம். பெரிய அணைகளின் கணக்கை அரசு பார்க்கட்டும். ஊர் ஓடையின் கணக்கை ஊரார்தான் பார்க்க வேண்டும். அடுத்த ஐப்பசியில் மலையிலிருந்து புதுவெள்ளம் இறங்கும்போது, அது சுவரில் மோதி நிற்கிறதா, மீனையும் சேர்த்து அழைத்துக்கொண்டு போகிறதா என்பது அந்தத் தாளில்தான் இருக்கிறது.